முதுகில் பட்ட கை

அத்தியாயம் 6

மூன்று செருப்புகளும் ஆட்டோவின் பின்சீட்டில், பழைய தினசரி ஒன்றின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன.

“ரெண்டு இடது, ஒரு வலது,” என்றார் குப்புராஜ். “மூணு கீது, தேத்துனா ஒரே ஜோடி. அதுலயும் ஒண்ணு பிரவுனு, ஒண்ணு கறுப்பு. திருடுனவன் கால்ல மாட்டிக்கறதுக்காகத் திருடல மேடம். சும்மா டைம் பாஸுக்குத் திருடியிருக்கான்.”

ஜஹீரா சிரிக்கவில்லை. நோன்பு மாதம், விடியுமுன் சாப்பிட்டது எப்போதோ கரைந்துபோய்விட்டது. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. செப்டம்பர் வெயிலோ மே மாதத்துக்குப் போட்டியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் ஜஹீரா. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். குப்புராஜ் அவளுக்கு உதவியாளர், டிரைவர், சமயத்தில் தலைவலி. நாற்பத்தாறு வயதில் அவர் அடக்கிப் பழகாத ஒரே உறுப்பு வாய்தான்.

கேஸ் சிட்லபாக்கத்தில். கட்சிக்காரர் ராஜாராமன், வயது அறுபத்தெட்டு, ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்தில் நாலு தடவை வீட்டுக்குள் விழுந்திருக்கிறார். நெற்றியில் ஆறு தையல், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ‘பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். தள்ளுவது என் மருமகள் சினேகா. செருப்பைக்கூட ஒவ்வொன்றாகக் காணாமல் போகச் செய்கிறாள். நிரூபித்துக் கொடுங்கள்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்.

மகன் பட்டாபிராமன் வேலை விஷயமாகப் புனேயில் இருக்கிறான். நாளைக் காலை வருகிறான். அவன் வந்து இறங்கியதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. கொலை முயற்சி என்று டைப் அடித்த புகார் டிவி மேல் தயாராகக் கிடக்கிறது. அதில் அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், சினேகாவின் கதை முடிந்தது.

“செருப்பு எங்கே கிடைச்சதுண்ணா?” என்று கேட்டாள் ஜஹீரா.

“ஒண்ணு ஏரிக்கரை. ஒண்ணு பால் பூத்தாண்ட. மூணாவது, இஸ்திரி போடற ஜெயக்கொடி எடுத்து வண்டிக்கு அடில வெச்சிருந்துச்சு. அது சொல்றதக் கேளு மேடம். சாரு மத்தியானம் ஒரு மணிக்கு ஒத்தக் கால் செருப்போட போய்க்கினே கீறாரு. இது பின்னாடியே ஓடி, ‘சார், செருப்ப வுட்டுட்டீங்க’ன்னுது. அவரு ‘என்கிட்டயே விளையாடறியா’ன்னு மொறைச்சிட்டுப் போய்ட்டாரு.”

ஜஹீரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு மணிக்கா? தார் ரோட்டுலயா?”

“அந்த ரோட்டுல ஒரு மணிக்கு அப்பளம் பொரிக்கலாம்.”

“அப்போ வெறுங்கால் சுட்டிருக்கணுமே.”

குப்புராஜ் ஆட்டோவைக் கிளப்பினார்.

*

கதவைத் திறந்தது சினேகா. மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஃபோர்மேன் ஜெபசீலனின் மகள். காதல் கல்யாணம். மாமனார் முதல் தடவை விழுந்தபோதே வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கிவிட்டாள். அந்த நல்ல காரியம்தான் இப்போது அவள் கழுத்தை நெரிக்கிறது. நாலு தடவையும் வீட்டில் இருந்தவள் அவள், நாலு தடவையும் முதலில் ஓடி வந்தவளும் அவள்தான்.

“உள்ளே வாங்க மேடம்,” என்றாள். கண் வீங்கியிருந்தது. “என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். ஆனாலும் வாங்க.”

ராஜாராமன் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் காபி கொண்டுவந்து, கையில் தராமல் ஸ்டூலின் மேல் வைத்தாள். மடி ஆசாரம் பார்க்கிற மாமி. ஜஹீரா நோன்பு என்று சொன்னதும் முகம் சட்டென்று மலர்ந்தது.

“உபவாசமா! ஜலம்கூட இல்லாமலா? இந்தக் காலத்துல யார் இருக்கா அப்படி,” என்றாள் மரியாதையோடு. காபி இரண்டும் குப்புராஜுக்குப் போயிற்று. அவர் தியாகம் செய்கிற முகத்தோடு இரண்டையும் குடித்தார்.

“கால அட்டவணைக்காரர் நீங்க,” என்றாள் ஜஹீரா. “நாலு விபத்தையும் அதே மாதிரி வரிசையாச் சொல்லுங்க சார். விழுந்தப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? அது மட்டும் போதும்.”

“பிப்ரவரி பத்து, காலம்பற ஆறு பத்து. வாஷ்பேசின்ல மூஞ்சி அலம்பிண்டு இருந்தேன். சோப்பு போட்டிருந்தேன். தள்ளினா. குழாய்ல நெத்தி இடிச்சுது.”

“அடுத்தது?”

“மே மாசம். மாடில சூரியனைப் பார்த்து ஜபம். நின்னுண்டுதான் பண்ணுவேன், கண்ணை மூடிண்டு. தள்ளினா. ஜூலைல பனியன் கழட்டறச்சே, தலைக்கு மேல தூக்கறேன், தள்ளிட்டா. கடைசியா போன வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி, கரண்ட் கட். கும்மிருட்டு. அன்னைக்குத்தான் கை போச்சு.”

குப்புராஜ் இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்தார். “தள்றவளுக்கு வெக்கம் ஜாஸ்தி போல மேடம். சாரு கண்ணைத் தொறந்துகினு இருந்தா கிட்டவே வர மாட்றா.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சோப்பு, ஜபம், பனியன், இருட்டு. குப்புராஜ் தெரியாமலே கேஸைப் பாதி உடைத்துவிட்டார்.

“சார், உள்ளங்காலைக் காட்டறீங்களா?”

காட்டினார். இடது பாதத்தில் காசளவு கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன. மாமி அதில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள்.

“எப்போ சுட்டுது?”

“சுடலையே,” என்றார் ராஜாராமன். “சாயங்காலம் இவ சொல்லித்தான் பார்த்தேன்.”

“செருப்பு காணோம்னு எப்போ தெரிஞ்சது?”

“ஆத்துக்கு வந்து கழட்டறதுக்குக் குனிஞ்சப்போ. ஒண்ணுதான் இருந்தது. வாசல்லயே எடுத்துட்டா பாருங்கோ!”

ஜஹீரா எழுந்தாள். “ஒரு சின்ன சோதனை. சினேகா, நீங்க தெருவுக்குப் போய் கேட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. மாமி, நீங்க பூஜை ரூம் வாசல்ல. ஜன்னல் வழியா மருமகளும் உங்களுக்குத் தெரியணும், சாரும் தெரியணும். குப்புராஜ் அண்ணா, சாருக்கு முன்னாடி வாங்க. சார், பாதத்தைச் சேர்த்து வெச்சு நேரா நில்லுங்க. உங்க பின்னாடி யார்?”

ராஜாராமன் திரும்பிப் பார்த்தார். “யாருமில்லை. சுவர்தான்.”

“கண்ணை மூடுங்க.”

மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. உடம்பு இடமும் வலமும் ஆடிற்று. நாலு எண்ணுவதற்குள் மனிதர் அப்படியே முன்னால் சாய்ந்து குப்புராஜின் மார்பில் விழுந்தார்.

“தள்ளினா! பார்த்தேளா, தள்ளினா!”

கேட்டுக்கு வெளியே சினேகா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அவ அங்கேன்னா இருக்கா,” என்றாள் மாமி மெதுவாக.

“தெருவில நின்னாலும் தள்ளுவா அவ,” என்றார் ராஜாராமன், மூச்சு வாங்க.

இருபது வருஷத் தொழிலில் ஜஹீரா எத்தனையோ பேரை ஆதாரத்தால் மடக்கியிருக்கிறாள். ஆதாரம் கண்ணெதிரே நடந்தும் நகர மாட்டேன் என்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

*

அவளுடைய பெரியப்பா மகள் கைனாத் நரம்பு மருத்துவர். ஜஹீரா வராந்தாவுக்கு வந்து செல்போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மறுமுனையில் கைனாத் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

“கால் எங்கே இருக்குன்னு மூளைக்குச் சேதி போகலை, ஜஹீரா. கண்ணால பார்த்துப் பார்த்துத்தான் நிக்கறார். கண்ணை மூடினா விழறார். விழற உடம்புக்கு யாரோ தள்ளின மாதிரி இருக்கும். ரத்தம் எப்படி? ரத்த சோகை இருந்ததா?”

ஜஹீரா உள்ளே வந்து கேட்டாள். மாமி பெருமையாக ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ரத்த அளவு ஏழு. நாலு மாதம் கழித்துப் பன்னிரண்டரை.

“அந்த டாக்டரே அசந்து போயிட்டார்,” என்றாள் மாமி.

ஃபைலில் டாக்டர் எழுதின சீட்டும் இருந்தது. வைட்டமின் பி12 குறைவு. ஊசி பன்னிரண்டு, வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று, ஆயுள் முழுக்க.

“ஊசி யார் போடறாங்க மாமி?”

ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்த மாமியின் விரல்கள் நின்றன. பதில் ராஜாராமனிடமிருந்து வந்தது. “ஊசியெல்லாம் ரெண்டோட சரி. டாக்டரே மாத்திரையா மாத்திட்டார். இவதான் போய்க் கேட்டுண்டு வந்தா.”

சீட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஜஹீரா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மாமியைத் தனியாக அழைத்துப் போவதற்காக, “மாமி, துணி காயப்போடற இடம் எங்கே? கொஞ்சம் பார்க்கணும்,” என்றாள்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெளிக் குளியலறையின் பரணில், மாமியின் கண் தானாகப் போன இடத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. வீட்டுக்குள் வைக்கவும் மனமில்லை, டாக்டர் எழுதின மருந்தை எறியவும் மனமில்லை. ஜஹீரா பையைப் பிரித்தாள். பத்து ஊசி மருந்து, உடைக்காமல்.

“பெட்டில பொடி எழுத்துல போட்டிருந்தது,” என்றாள் மாமி. “லிவர் எக்ஸ்ட்ராக்ட்னு. நான் கான்வென்ட்ல படிச்சவ. லிவர்னா என்னன்னு நேக்குத் தெரியாதா? ஆட்டு ஈரலோ மாட்டு ஈரலோ, எதுவானா என்ன. மூணு வேளை சந்தி பண்றவர். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை. அவர் ரத்தத்துல அதை ஏத்தவா? ரெண்டு ஊசி தெரியாம ஏறிடுத்து. அதுக்கே ராமேஸ்வரம் அழைச்சுண்டு போய் ஸ்நானம் பண்ணி வெச்சேன். காரணம் சொல்லலை.”

“அப்புறம்?”

“மருந்துக் கடைல கேட்டு சைவமா இரும்புச்சத்து மாத்திரை வாங்கினேன். ஃபோலிக்கும் அதுலயே இருக்குன்னான். ரத்தம் ஊறித்தே! டாக்டர், ஊசி நன்னா வேலை செஞ்சிருக்குன்னார். நான் மனசுக்குள்ள சிரிச்சுண்டேன். பகவான் காப்பாத்தினார்னு.”

போன் இணைப்பில்தான் இருந்தது. ஜஹீரா அதைக் காதில் வைத்தாள். “கேட்டியா?”

“கேட்டேன்,” என்றாள் கைனாத். “அந்த மாத்திரை ரத்தத்தை நிமிர்த்திடும். நரம்பைக் கைவிட்டுடும். ரிப்போர்ட் நல்லா இருக்கறதால யாருக்கும் சந்தேகமும் வராது. எத்தனை மாசம் ஊசி இல்லாம?”

“இருபத்திரண்டு.”

“நாளைக்கே கூட்டிட்டு வா. ரத்தம் பார்த்துட்டு உடனே ஆரம்பிச்சுடலாம். இனிமே மோசமாகாம நிறுத்தலாம்னு நம்பறேன். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம், கோபம், மறதி எல்லாம்கூட இதனாலயே வரலாம். ஜஹீரா, இன்னொண்ணு. ஈரல் இல்லாத ஊசி இருக்கு. வெறும் பி12. கிருமியை வளர்த்து அதுலேர்ந்து எடுக்கறது. ஆடும் இல்லை, மாடும் இல்லை. எந்த மருந்துக் கடையிலயும் கேட்டா எடுத்துக் குடுப்பான்.”

மாமி ஜஹீராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர் என்ன சொல்றா?”

சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று ஜஹீரா ஒரு நிமிஷம் யோசித்தாள். முடியாது. மறைத்தால் நாளைக்கு அந்தப் புகாரில் கையெழுத்து விழும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அந்தக் கிருமி ஊசியையும் சொன்னாள்.

மாமி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

“கேட்டிருந்தா குடுத்திருப்பானா?” என்றாள். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா?”

ஜஹீராவும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, என்ன கொழுப்பு கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தைப் படிக்கிறவள்தான். ஹலால் இல்லை என்று தெரிந்து அம்மாவுக்கு வாங்கின சத்து கேப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குக் கடைக்காரன் வேறொன்று எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மாமியைக் குற்றவாளி என்று ரிப்போர்ட்டில் எழுத அவள் கை வராது. வேறு பெயரும் அவளிடம் இல்லை.

“மாமி, நீங்க வேணும்னு செய்யலை.”

“அவர் கால் போயிடுத்தே,” என்றாள் மாமி. “வேணும்னு செஞ்சா என்ன, வேண்டாம்னு செஞ்சா என்ன?”

பின்வாசல் நிலையில் சினேகா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதமாகத் தள்ளுகிறாள், தள்ளுகிறாள் என்று தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்த வாய் திறந்து, ஒன்றும் சொல்ல வராமல் மூடிக்கொண்டது. சினேகா அருகில் வந்து, “எழுந்திருங்கம்மா, கல்லு ஈரம்,” என்று கை நீட்டினாள். மடி பார்க்கிற அபிதகுஜாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

*

ஹாலில் ராஜாராமன் பொறுமை இழந்திருந்தார். “கண்டுபிடிச்சேளா? யார்னு எழுதிக் குடுங்கோ. பட்டாபி வந்ததும் காட்டணும்.”

ஜஹீரா வாய் திறக்குமுன் மாமி முன்னால் வந்தாள். டிவி மேலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

“நான்தான்னா,” என்றாள். “உங்களைத் தள்ளினது நான்தான். டாக்டர் ஒண்ணும் மாத்தலை. நான்தான் பொய் சொல்லி ஊசியை நிறுத்தினேன். அதுல ஈரல் இருந்தது. அதனாலதான் உங்க கால் உங்களுக்குத் தெரியாம போயிடுத்து. இவ உங்களைத் தொடவே இல்லை. ஓடி வந்து தூக்கினது மட்டும்தான் இவ.”

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஜஹீரா அந்த மனிதரின் முகத்தையே பார்த்தாள். புரிந்துவிடட்டும், கோபப்படட்டும், கத்தட்டும் என்று மனம் கெஞ்சியது.

ராஜாராமன் சிரித்தார். பிரியமான சிரிப்புதான்.

“நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. உனக்குப் பொய் சொல்ல வராதுடி,” என்றார். “பட்டாபி ஆம்படையாளாச்சேன்னு அவளைக் காப்பாத்தப் பார்க்கறே. ஊசியாவது, ஈரலாவது. ரிப்போர்ட்டைப் பார்த்தியோன்னோ? ரத்தம் பன்னிரண்டரை!”

“ஏன்னா, சத்தியமா...”

“போதும். மேடம், இவ மனசு இளகினவ. நீங்க எழுதுங்கோ.”

மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. எட்டு மாதத்தில் இந்த வீட்டில் பேசப்பட்ட உண்மை இது ஒன்றுதான், அதை நம்ப ஆளில்லை. குப்புராஜைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரு கேலி, எதையாவது சொல்லமாட்டாரா என்று ஏங்கினாள் ஜஹீரா. அவரோ ஹாலில் கிடந்த ஒரு தினசரியை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறோம் சார்,” என்றாள் ஜஹீரா. “பட்டாபிகிட்ட நானே பேசறேன்.”

“பேஷா பேசுங்கோ. மத்தியான ஜபத்துக்கு நேரமாச்சு.”

எழுந்தார். தரையை உற்றுப் பார்த்தபடி, காலை அகட்டி, தொம் தொம்மென்று பாதத்தை அறைந்து வாஷ்பேசினுக்கு நடந்தார். நல்ல கையால் குழாயைத் திறந்தார். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து சினேகா ஓடினாள். யாரும் சொல்லவில்லை. எட்டு மாதப் பழக்கம், கால் தானாக ஓடிற்று. உடம்பு ஆடத் தொடங்கிய அதே கணத்தில் ஒரு கையை அவர் மார்புக்கு முன்னால் கொடுத்து, மறு கையை முதுகில் பதித்து, தன் முழு பலத்தோடும் அவரை நிறுத்தினாள்.

ராஜாராமன் விழவில்லை. கண்ணைத் திறக்காமலே, முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வெற்றியோடு கத்தினார்.

“இதோ! இதான் அந்தக் கை! எல்லாரும் பார்த்துக்கோங்கோ!”

சினேகா கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் விழுந்துவிடுவார்.